இரண்டு கட்டை கீழே

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பிரஷர் 138/88.

இந்த நோட்டை வாங்கியதே இதை எழுதத்தான். தினமும் காலையில் அளந்து எழுதி மாதக் கடைசியில் எடுத்துவரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஒரு பக்கத்தில் ஒரு எண்ணை மட்டும் எழுதிவிட்டு மிச்சத்தை வெறுமனே விட எனக்கு மனம் வரவில்லை. நாற்பது வருஷம் மெல்லிசைக் குழுவில் கிடார் வாசித்தவன். இடைவெளி கிடைத்தால் எதையாவது போட்டு நிரப்புவதுதான் என் பிழைப்பாக இருந்தது.

ஆலயத்திலிருந்து திரும்பியபோது வாசலில் தமயந்தி நின்றாள். என் சிநேகிதன் நாச்சிமுத்துவின் மகள். அவன் போய் இரண்டு மாதமாகிறது. கணபதி ஏரியாவில் அவன் நடத்திய மோட்டார் வைண்டிங் பட்டறையை இப்போது அவள் பார்த்துக்கொள்கிறாள். எரிந்துபோன பம்ப் மோட்டார்களுக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுக்கிற வேலை. ஸ்கூட்டரின் முன்னால் நீளமான பொட்டலம் ஒன்றை நிறுத்திக் கொண்டுவந்திருந்தாள். பழைய வேட்டியில் சுற்றி, மோட்டார் சுருளுக்குக் கட்டுகிற பருத்தி நாடாவால் இறுக்கிய பொட்டலம். பிரிக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

"பரண்ல இருந்துச்சுங் சித்தப்பா. வருசா வருசம் ஆயுத பூசைக்கு எறக்கிப் புதுக் கம்பி மாத்தி, சுருதி சேத்தி, பொட்டு வெச்சு மறுக்கா மேல ஏத்திருவாருங்க. வாசிச்சு ஒரு நாளும் பார்த்ததில்லீங்க."

நாச்சிமுத்து தொண்ணூற்றெட்டில் தன் கையால் இரண்டு எலக்ட்ரிக் கிடார் செய்தான். மாதிரிக்காக. உலகத்திலேயே அந்த இரண்டுதான். முதலாவது உடைந்துபோனது. இரண்டாவதை அவன் அடுப்பில் வைத்திருப்பான் என்றே இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன்.

பெங்களூரில் கிடார் செய்து விற்கும் பிரகலாத் ராவ் என்பவர் பதினேழாம் தேதி பட்டறைக்கு வருகிறாராம். பிடித்திருந்தால் இதே மாதிரி இருபது கிடார்கள், தமயந்தி சுற்றும் சுருளோடு, நாச்சிமுத்துவின் பெயர் போட்டு. அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டியவன் நான்.

"உங்கள விட்டா யாருங்க இருக்கறாங்க?" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

142/90. மாத்திரை போட்டேன்.

பலாமரம். மஞ்சள் முற்றித் தேன் நிறமாகிவிட்டது. கழுத்து மெல்லியது. மற்ற கிடார்களின் கழுத்துக்குள் இழுவையைத் தாங்க ஓர் இரும்புக் கம்பி ஓடும், இதில் கிடையாது. தேவையில்லை என்பான் நாச்சிமுத்து. ஏனென்றால் இதன் சுருதி தாழ்ந்தது. சாதாரண கிடாரின் தடித்த கம்பி மூன்று கட்டையில் நிற்கும். இதில் ஒரு கட்டை. ஆறு கம்பிகளும் அப்படியே இரண்டு கட்டை கீழே. கம்பி தளர்ந்திருப்பதால் விரலுக்கு அடியில் வழுக்குகிறது. வாசித்தால் சத்தம் காதுக்கு வருவதில்லை, வயிற்றுக்கு வருகிறது.

சுருதி காட்டும் கிளிப்பை மாட்டிப் பார்த்தேன். பச்சை எரியவில்லை. ஆறு கம்பிகளும் ஒரு துளி மேலே நின்றன. திருகி இறக்கிச் சரிசெய்தேன். ஆனாலும் ஆம்ப்ளிஃபயரில் ஓடும் கரண்ட் இரைச்சலோடு அது ஒத்துப்போகவேயில்லை. ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிற இரண்டு பேரைப் போல இருந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

140/90. காலையில் மறுபடி ஒரு துளி மேலே. கம்பி தானாக இறங்கிப் பார்த்திருக்கிறேன். தானாக ஏறி இப்போதுதான் பார்க்கிறேன். ஈரக்காற்றில் மரம் ஊதியிருக்கும். சாரல் விடவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

144/92.

இன்று பயந்தேன். எழுத வெட்கமாக இருந்தாலும் பயந்தேன் என்றுதான் எழுத வேண்டும்.

காலை பதினொரு மணி. கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தேன். கம்பியை அமுக்கி நிறுத்திய இடைவெளியில் ஆம்ப்ளிஃபயருக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதைப்போல, "ஏனுங்க, முருங்கைக்காய் போட்டா ஆகுமா?" என்று கேட்டது.

என் மனைவி ரெஜினா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்து அவள் பயந்துபோய் பிரஷர் மெஷினை எடுக்க ஓடினாள்.

பிறகுதான் ஞாபகம் வந்தது. கம்பிகளுக்கு அடியில் இருக்கும் காந்தச் சுருளைத்தான் பிக்கப் என்கிறோம். மோட்டார் சுருளை வைண்டிங்காரர்கள் வார்னிஷில் முக்கிச் சூளையில் காயவைப்பார்கள். இழை அசையாமல் இறுகிவிடும். நாச்சிமுத்து ஆயிரம் மோட்டாரை அப்படி முக்கியவன். இதை மட்டும் முக்கவில்லை. "முக்குனா காது அடச்சுக்கும் ஸ்டான்லி. இது கேக்கட்டும்" என்றான். இழைகள் இறுகாததால் பக்கத்தில் பேசுவதும் சுருளில் ஏறிவிடுகிறது.

ஆக, இதற்குக் காது இருக்கிறது. நல்லது. முருங்கைக்காய் வேண்டாம் என்று பிக்கப்பில் குனிந்து சொன்னேன். ரெஜினாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் மாலையில் நான் தனியாக இருந்தேன். யாரும் பேசவில்லை. வாசிப்பதை நிறுத்திய பிறகும் உள்ளே யாரோ முனகிக்கொண்டிருந்தார்கள். ஆண் குரல். தாழ்ந்த சுருதி. நாச்சிமுத்து சுருள் சுற்றும்போது வாயை மூடிக்கொண்டு முனகுவான், அதே மாதிரி.

ஆகஸ்ட் 9, சனி

150/94.

தமயந்தி வந்தாள். கையில் அவள் அப்பாவின் வைண்டிங் நோட்டு. காலிகோ அட்டை போட்ட நீள நோட்டு, எண்ணெய்க் கறை. பட்டறைக்கு வந்த ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு வரி. எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி, கடைசிக் கட்டத்தில் காரணம். மோட்டார் ஏன் எரிந்தது என்று. கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் 'தானா எரிஞ்சுதுங்க' என்றுதான் சொல்வார்கள். நாச்சிமுத்து வாதாட மாட்டான். பிரித்து, கருகிய சுருளை மோந்து பார்த்து, கட்டத்தில் எழுதிவிடுவான். தண்ணீரில்லாமல் ஓட்டியது. ஒரு ஃபேஸ் போனது. எலி.

அவள் விரல் வைத்த வரி: 'கிடார் 1. சுற்று 7,800. கழுத்து இணைப்பு விட்டது.' காரணக் கட்டம் காலி.

"நோட்டு பூரா பார்த்துட்டனுங்க. முப்பது வருசத்துல இது ஒண்ணுதான் காலி. அப்பாவுக்கே தெரியலீன்னா வேலையிலதான் கோளாறுன்னு அர்த்தம். ராவ் சார் மொதல்ல அதத்தான் கேட்டாரு, மொதக் கிடார் ஏன் ஒடஞ்சுதுன்னு. நீங்க அன்னைக்குக் கூடவே இருந்தீங்க. உங்களுக்கு ஏதாச்சும் தோணுதுங்களா?"

"மரம்னா அப்படித்தான் அம்மிணி" என்றேன்.

அவள் தலையாட்டினாள். அப்படியானால் கழுத்தை அறுத்து இரும்புக் கம்பி வைத்துவிடலாம் என்று ராவ் சொல்கிறாராம். வைத்தால் சாதாரண சுருதிக்கே ஏற்றிக்கொள்ளலாம், விற்பதும் சுலபம். இருபத்தொன்றாம் தேதி, வியாழக்கிழமை, ஆசாரி வருகிறார்.

"இதையேவா அறுக்கப் போற?"

"வேற ஏதுங் சித்தப்பா இருக்குது?"

அவளுக்கு டீ போட்டுக் கொடுக்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆலயத்துக்குப் போகவில்லை. முட்டிவலி.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

148/94.

மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் நாலு வரை கரண்ட் இல்லை. பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்று உண்டு, மாணவர்களுக்காக வைத்திருப்பது. அதில் மாட்டினேன்.

கரண்ட் இல்லாத வீடு எவ்வளவு அமைதியானது. ஃப்ரிட்ஜ் இல்லை, மோட்டார் இல்லை, சுவருக்குள் ஓடும் இரைச்சல் இல்லை. ஆம்ப்ளிஃபயரும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நான் வாசிக்கவில்லை. மடியில் வைத்துச் சும்மா இருந்தேன்.

முனகல் வந்தது. சந்தேகமே இல்லை. கரண்டின் மேல் பழி போட முடியாது. ஆண் குரல், நிதானமாக, ஒரே ஸ்வரத்தில். "முத்து" என்றேன். 'முத்து' என்றது ஆம்ப்ளிஃபயர்.

ரெஜினா கீரை ஆய்ந்துகொண்டே எட்டிப் பார்த்தாள். "நீங்கதாங்க முனகறீங்க. ரெண்டு மாசமா அப்படித்தான். குளிக்கையில, சாப்பிடையில. அவர எடுத்து அடக்கம் பண்ணிட்டு வந்த நாள்ல இருந்து."

நாற்பது வருஷம் சுருதி பார்த்துச் சம்பாதித்தவனுக்குத் தன் வாயிலிருந்து வரும் ஸ்வரம் தெரியவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டேன். நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஆரம்பித்தது.

ஆகஸ்ட் 13, புதன்

152/96.

அந்த நாளைப் பற்றி எழுதிவிடுகிறேன். எல்லாருக்கும் தெரிந்த கதைதான்.

சென்னையிலிருந்து ஒரு வாத்தியக் கடை முதலாளி பட்டறைக்கு வந்தார். நான்தான் வாசித்தேன். இரண்டாவது பாட்டின் நடுவில் கழுத்து அடியோடு பெயர்ந்தது. மட்டை முறிந்த மாதிரி ஒரு சத்தம். ஆறு கம்பிகளும் தொங்கின. முதலாளி சிரித்துவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை, சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. நாச்சிமுத்து கை கூப்பி, "என்ற வேலைதானுங்க சரியில்ல, மன்னிச்சுக்கோங்க" என்றான். அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பினான். அதன் பிறகு கிடாரைத் தொடவில்லை.

நான் பக்கத்தில் நின்றேன். அதற்கு முந்தின வாரம், பழகுவதற்காகக் கிடார் என் வசம் இருந்தது. இதில் எழுத வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 16, சனி

150/96.

கிளிப்பைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டேன். அது சொல்வதைக் கேட்டு இரண்டு வாரமாக இறக்கிக்கொண்டிருக்கிறேன், மரம் ஏற்றிக்கொண்டிருக்கிறது. போகட்டும் என்று மரத்தின் வழிக்கே விட்டு, பெரிய ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, கரண்ட் இரைச்சலை மட்டும் கேட்டு அதற்குத் தக்கபடி ஆறு கம்பிகளையும் சேர்த்தேன்.

சேர்ந்தது. இரைச்சல் பஞ்சமம். தடித்த கம்பி அதற்கு ஷட்ஜம். தம்புரா போட்ட மாதிரி வீடே சுருதிக்கு வந்துவிட்டது. ஃப்ரிட்ஜ், மோட்டார், டியூப் லைட், எல்லாம்.

அவன் சொன்னது இதைத்தான். எலக்ட்ரிக் கிடார் செய்கிறவர்கள் எல்லாரும் இந்த இரைச்சலை ஒழிக்கப் பாடுபடுவார்கள். நாச்சிமுத்து முப்பது மோட்டார் நடுவில் உட்கார்ந்து, "கரண்டு அது பாட்டுக்குப் பாடுது. நாமதான் அதுக்குச் சுருதி சேத்தோணும். அதைய வாய மூடுன்னு சொல்ல நாம யாருப்பா?" என்றான். இரண்டு கட்டை இறக்கியது அதற்காக. இதைச் சாதாரண சுருதிக்கு ஏற்றினால் இது இன்னொரு கிடார், அவ்வளவுதான். அன்றைக்கு நான் தலையாட்டினேன். எனக்குப் புரியவில்லை. புரிந்திருந்தால் அதை...

வேண்டாம். நாளைக்கு வாசிக்க வேண்டும். தூங்குகிறேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அளக்கவில்லை.

ராவ் நல்ல மனுஷர். வெள்ளைத் தாடி, மெல்லிய பேச்சு. சுவரோரம் மோட்டார்கள் வரிசையாக நின்றன. முதல் கிடார் உடைந்த அதே இடம், அதே ஸ்டூல். இரண்டு மோட்டாரை ஓட விடச் சொன்னேன். தமயந்தி ஆச்சரியமாகப் பார்த்தாள், ஆனாலும் போட்டாள்.

வாசித்தேன். இப்படி வாசித்ததில்லை. பட்டறை முழுக்க ஒரே சுருதி. தகரக் கூரைகூட அதில்தான் அதிர்ந்தது. ராவ் கண்ணை மூடிக்கொண்டார். தமயந்தி ஒரு கையை மோட்டாரின் மேல் வைத்து நின்றாள். அவள் அப்பா அப்படித்தான் நிற்பான். கடைசிக் கம்பியை மீட்டி அமுக்கினேன். மோட்டார் இரைச்சல் மட்டும் மிச்சம்.

அந்த இடத்தில், வீட்டில் தினமும் கிடாரைக் கீழே வைக்கும் முன் சொல்கிற வார்த்தை என் வாயில் வந்தது. சத்தமில்லாமல்தான் சொன்னேன். தலை குனிந்திருந்தது. வாய் பிக்கப்புக்குப் பக்கத்தில் இருந்தது.

"மன்னிச்சுக்கடா முத்து."

வார்னிஷில் முக்காத சுருள். ஆம்ப்ளிஃபயர் அதைப் பட்டறைக்கே சொன்னது.

ராவுக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. ஏதோ பிரார்த்தனை என்று நினைத்துக் கை கூப்பினார். தமயந்தி மோட்டாரை நிறுத்தினாள்.

"எதுக்குங் சித்தப்பா மன்னிப்பு?"

"நடுவுல ஒரு எடம் தவறிப்போச்சு அம்மிணி. அவன் இருந்தா கண்டுபுடிச்சிருப்பான்."

அவள் நம்பினாள். அதுதான் தாங்கவில்லை. நம்பிவிட்டு, "நீங்க தவறுனா யாருக்குங்க தெரியும்" என்று சிரித்து, எனக்கும் ராவுக்கும் இளநீர் வெட்டப் போனாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

164/100. ரெஜினா இரண்டு தடவை அளந்தாள். உப்பைக் குறைக்கச் சொல்கிறாள். உப்பு இல்லை காரணம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

160/98.

பதின்மூன்றாம் தேதி எழுதியதில் ஒரு பத்தி குறைகிறது. இப்போது எழுதுகிறேன்.

கிடார் என்னிடம் இருந்த அந்த வாரம், திருப்பூரில் ஒரு கல்யாண வரவேற்புக் கச்சேரி. என் கிடாரில் பிக்கப் செத்துப்போயிருந்தது. கச்சேரியை விட மனம் வரவில்லை; புதுக் கிடாரைக் காட்டிப் பெருமை பீற்றிக்கொள்ளவும் ஆசை. ஆனால் மற்ற வாத்தியங்களோடு சேர இரண்டு கட்டை ஏற்றியாக வேண்டும். ஏற்றினேன். திருகும்போதே மரம் ஒரு தடவை கிர்ரென்றது. எனக்குக் கேட்டது. என் காதைப் பற்றி ஊரே பேசும்; எனக்குக் கேட்டது. மேலும் திருகினேன்.

நாலு மணி நேரம் வாசித்தேன். எல்லாரும் பாராட்டினார்கள். மறுநாள் பூராவும் அதே இழுவையோடு வெயிலில் வேனுக்குள் கிடந்தது. இறக்க மறந்துபோனேன். மாலையில் எடுத்தபோது கழுத்துக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு மயிரிழை. விரல் நகம் போகிற அளவு. இறக்கினேன். இழை மூடிக்கொண்டது. துணியால் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவன் கை கூப்பியபோது சொல்லியிருக்கலாம். முதலாளி போன பிறகு சொல்லியிருக்கலாம். இளநீர் மட்டைகளை அள்ளும்போது சொல்லியிருக்கலாம். இருபத்தேழு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவனோடு டீ குடித்தேன். ஒரு தடவைகூட அவன் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியாததால்தான் கேட்கவில்லை என்று நானே வைத்துக்கொண்டேன்.

நாளை மறுநாள் ஆசாரி வருகிறார். சொன்னால் அந்தப் பெண் என்னைச் சித்தப்பா என்று கூப்பிட மாட்டாள். எனக்குப் பிள்ளையில்லை. சொல்லாவிட்டால் ரம்பம் அந்தக் கழுத்தில் இறங்கும். இரண்டும் எனக்குத் தாங்காது.

ஆகஸ்ட் 20, புதன்

காலையில் அளக்காமலே கிளம்பிவிட்டேன்.

தமயந்தி சுருள் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு கை சக்கரத்தைச் சுற்றும், மறு கை கம்பிக்கு வழிவிடும். நடுவில் பேசினால் எண்ணிக்கை போய்விடும். "நானூத்திப் பன்னெண்டு" என்று சத்தமாகச் சொல்லி நிறுத்திவிட்டு, "வாங்க சித்தப்பா" என்றாள். கிடாரை அவள் மேஜையில் வைத்தேன். நின்றுகொண்டே சொன்னேன். திருப்பூர், இரண்டு கட்டை, கிர்ரென்றது, வேன், மயிரிழை. ஒன்றையும் விடவில்லை.

அவள் நானூற்றுப் பன்னிரண்டில் நின்ற சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செரி வேலையத்தான் செஞ்சிருக்காருங்களா அப்பா?"

"செரி வேலைதான்."

"கடைசி வரைக்கும் தன் வேலைதான் தப்புன்னாருங்க. ஆஸ்பத்திரியிலகூட. அந்தக் கிடார மட்டும் ஒழுங்காச் செஞ்சிருந்தா இந்தப் பட்டறையே வேற மாதிரி இருந்திருக்கும் அம்மிணின்னாரு. நீங்க பக்கத்துல உக்காந்து ஆரஞ்சு உரிச்சுட்டு இருந்தீங்க."

ஆமாம். உரித்துக்கொண்டிருந்தேன்.

அவள் ஆசாரிக்கு ஃபோன் செய்து நாளைக்கு வர வேண்டாம் என்றாள். பிறகு ராவுக்கு. 'இரும்புக் கம்பி வேண்டாங்க சார், சுருதி இப்ப இருக்கறதேதான், காரணம் தெரிஞ்சுருச்சு' என்றாள். என்ன காரணம் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். "எழுதி அனுப்பறனுங்க" என்று வைத்துவிட்டாள்.

நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள். மேலே ஒரு பேனா.

"நீங்களே எழுதுங்க."

சித்தப்பா என்று சொல்லவில்லை. கவனித்தேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. காலி என்று நினைத்த கட்டம் காலியாக இல்லை. பென்சிலில் அழுத்தி எழுதி, பிறகு ரப்பரால் அழித்திருக்கிறது. எழுத்து போய்விட்டது, காகிதத்தில் பள்ளம் இருக்கிறது. நாச்சிமுத்துவின் கோணல் கையெழுத்து.

'ஏத்திட்டான். ஸ்டான்லி.'

தமயந்தியும் குனிந்து பார்த்தாள். கருகிய சுருளை மோந்து பார்த்தே காரணம் சொல்கிறவன் அவன். பிளந்த கழுத்தைக் கையில் எடுத்துப் பார்த்த அன்றைக்கே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எழுதி, அழித்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

அழுதேன். அந்தப் பெண்ணின் முன்னால், கிடார்மேல் சொட்டாமல் தள்ளி நின்று அழுதேன். அவள் திரும்பிப் போய்ச் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து, நானூற்றுப் பதின்மூன்றிலிருந்து சுற்ற ஆரம்பித்தாள்.

நான் பேனாவை எடுத்தேன். என் கையெழுத்தில் எழுதத்தான் நினைத்தேன். நுனியை வைத்ததும் அது பள்ளத்தில் இறங்கி, அவன் எழுதிய வழியிலேயே போனது.